கூட்டத்தில் விடுவதா, ஒரு கூட்டாளியைத் தேடுவதா?

மகனுக்கு மூன்று வயதானபோது பூங்காவில் எங்கள் மாலைநேரம் இப்படித்தான் போகும். சறுக்குமரத்துக்குப் பத்தடி தள்ளி நின்று, என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, மற்ற பிள்ளைகளையே பார்த்தபடி இருப்பான். "போய் விளையாடுடா" என்றால் பிடி இன்னும் இறுகும். இருபது நிமிஷம் கழித்து, "அம்மா, வீட்டுக்குப் போலாம்." வீட்டுக்கு வந்த பிறகோ, சிவப்புச் சட்டை அண்ணன் தலைகீழாகச் சறுக்கியதில் இருந்து யார் யாரைத் தள்ளிவிட்டார்கள் என்பதுவரை ஒன்று விடாமல் ஒப்பிப்பான்.

கேட்டவர்கள் எல்லாரும் ஒரே வைத்தியம்தான் சொன்னார்கள். "பிளேஸ்கூல்ல போடு. நாலு பசங்களோட சேர்ந்தா தானா சரியாயிடும்."

இரண்டு வருஷம் கழித்து மகளுக்கு அதே வயது வந்தது. இவள் நேர் எதிர். கூட்டத்தைக் கண்டால் உள்ளே பாய்வாள், கையில் கிடைத்ததைப் பிடுங்குவாள், தராவிட்டால் தள்ளுவாள். "பிளேஸ்கூல்ல போடு. நாலு பசங்ககிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டா தானா அடங்கும்" என்றார்கள். மலச்சிக்கலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் ஒரே மாத்திரையை எழுதிக்கொடுத்தால் சந்தேகம் வருமா, வராதா? எனக்கு வந்தது.

அப்போதிருந்து இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஏறக்குறைய எல்லா வழிகளையும் பார்த்தாயிற்று: வீட்டிலேயே நாங்கள் விளையாடுவது, ஒரே ஒரு கூட்டாளியை வரவழைப்பது, பூங்கா, பிளேஸ்கூல், பாட்டு வகுப்பு, ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பு. பிள்ளை மற்ற பிள்ளைகளோடு பழகக் கற்க எது நல்ல வழி என்ற யோசனையில் இருப்பவர்களுக்காக இவற்றை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்கிறேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு குழந்தை எத்தனை பேரோடு பழகுகிறது என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். ஒரே குழந்தையோடு எத்தனை தடவை பழகுகிறது, அப்போது பெரியவர் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார் என்பதைத்தான் இப்போது எண்ணுகிறேன்.

எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தெரியாமல் எங்கே கற்பது என்று பேசிப் பயனில்லை. "ஆன்ட்டிக்கு ஹாய் சொல்லு" என்று முதுகில் தட்டுவது என் கணக்கில் வராது. அது மரியாதை, மெல்ல வரும். நான் சொல்வது வேறு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டுக்குள் நுழைவது. தன் முறை வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது. "உன்னைச் சேத்துக்க மாட்டோம்" என்று யாராவது சொன்னால் அதைத் தாங்குவது. காய் விட்ட அதே ஆளோடு பழம் விடுவது. இந்த நான்கில் கடைசிதான் கஷ்டமானது, பெரியவர்களுக்கும்கூட.

வயதும் இதில் உண்டு. 1932-இல் அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன், இரண்டு முதல் ஐந்து வயதுவரையுள்ள பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துப் பார்த்துக் குறித்துவைத்து, அதை ஆறு வகையாகப் பிரித்தார். சும்மா இருப்பது, தனியாக விளையாடுவது, மற்றவர்களை வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் விளையாட்டை விளையாடுவது, பொருள்களைக் கொடுத்து வாங்கிக்கொண்டு விளையாடுவது, கடைசியாக ஒரே நோக்கத்தோடு சேர்ந்து விளையாடுவது. வயது ஏற ஏறப் பின்னால் உள்ள வகைகள் அதிகமாகின்றன என்பது அவர் கண்டது. இதைப் படித்த அன்றுதான் எனக்கு மூச்சு வந்தது. மகன் பூங்காவில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது, அதுவும் பட்டியலின் நடுவில்! இரண்டரை வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு ஆளுக்கொரு வாளியில் மண் அள்ளினால் அவர்கள் பழகவில்லை என்று அர்த்தம் இல்லை. அந்த வயதில் பழகுவது என்றால் அதுதான்.

இன்னொரு சோதனையும் உண்டு. 1983-இல் ஹைன்ஸ் விம்மர், ஜோசெஃப் பெர்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்து அவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் சாக்லேட் இப்போது இருக்கும் அலமாரியைக் காட்டினார்கள். தனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது என்பது பல குழந்தைகளுக்கு நான்கு வயதைத் தாண்டித்தான் பிடிபடுகிறது. அப்படியிருக்க, பிடுங்கிய இரண்டரை வயது மகளை நிறுத்திவைத்து "அவன் மனசு என்ன பாடுபடும், யோசிச்சுப் பாரு" என்று நான் நடத்திய வகுப்புகளை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அந்த வயதுக்கு "அவன் அழறான், பாரு" என்பது போதும். முகத்தைக் காட்டினால் புரியும். மனசுக்குள் போகச் சொன்னால் புரியாது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

வீட்டில் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டியோடு விளையாடுவதைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆனால் "கோபம்", "பயம்", "ஏமாற்றம்" என்று உள்ளே கொதிப்பதற்குப் பெயர் கிடைப்பது வீட்டில்தான். "கட்டினது விழுந்துடுச்சுன்னு உனக்குக் கோபம்" என்று யாராவது நூறு தடவை சொன்ன பிறகுதான் குழந்தை ஒருநாள் அடிப்பதற்குப் பதில் "எனக்குக் கோபம்!" என்று கத்தும். கத்துவது பெரிய முன்னேற்றம். அப்புறம், பிள்ளைகள் நம்மைப் பார்த்துச் செய்வார்கள். ஆல்பர்ட் பண்டூரா 1961-இல் நடத்திய சோதனையில், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைக் குத்துவதைப் பார்த்த பிள்ளைகள் தங்கள் முறை வந்ததும் அதையே குத்தினார்கள். வீட்டில் நாங்கள் இருவரும் சண்டை போட்டுவிட்டு எப்படிச் சமாதானம் ஆகிறோம் என்பதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு இருப்பதும் ஒரு பாடம்தான். சமாதானம் அறைக்குள் ரகசியமாக நடந்தால் அவர்களுக்குச் சண்டை மட்டும்தான் தெரியும்.

வீட்டின் குறையும் வெளிப்படையானது. நாங்கள் ரொம்ப நல்லவர்கள். தாத்தா ஒவ்வொரு ஆட்டத்திலும் தோற்பார். குழந்தை பாதி வார்த்தை சொன்னாலே பாட்டிக்கு மீதி புரிந்துவிடும். வெளியில் எந்த மூன்று வயதுக்காரனும் அப்படித் தோற்றுத் தரமாட்டான், பாதி வார்த்தையில் புரிந்துகொள்ளவும் மாட்டான். வீடு அடித்தளம். அதற்குமேல் சம வயது ஆள் ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவரைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. ஒரே ஒரு குழந்தை, நம் வீட்டிலோ அவர்கள் வீட்டிலோ, வாரம் ஒன்றிரண்டு முறை, ஒரு மணி நேரம். கேட்க உப்புச்சப்பில்லாமல் இருக்கும். கட்டணம் இல்லை, சான்றிதழ் இல்லை, படம் எடுத்துப் போட ஒன்றும் இல்லை. நாங்கள் முயன்றதில் அதிகம் பலன் தந்தது இதுதான்.

ஏன் என்பதை ஒரு மாலையை வைத்துச் சொல்கிறேன். மகனைவிட ஐந்து மாதம் மூத்த ஒரு பையன் வந்திருந்தான். மகனுக்கு உயிரான மஞ்சள் லாரியைக் காலையிலேயே அவனிடம் கேட்டு எடுத்து மறைத்துவைத்திருந்தேன். "யாருக்கும் தர வேண்டாத பொம்மை எது?" என்று முன்னாலேயே கேட்டு ஒளித்துவிட்டால் பாதிச் சண்டை வாசலிலேயே முடிந்துவிடும். மீதிப் பாதி நீல லாரியால் வந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு சக்கரத்தைப் பிடித்து இழுத்தார்கள். என் வாயில் "ஷேர் பண்ணு" வந்துவிட்டது, விழுங்கினேன். தரையில் அவர்கள் உயரத்துக்கு உட்கார்ந்து, லாரியை அசையாமல் பிடித்துக்கொண்டு, "ஒரு லாரி. ரெண்டு பேருக்கும் வேணும்" என்று மட்டும் சொன்னேன். அவ்வளவுதான். நீண்ட மௌனம். மகன் உதட்டைப் பிதுக்கினான். வந்தவன் லாரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, "நான் மண்ணு போடறேன், நீ ஓட்டு" என்றான். மகன் ஒரு நிமிஷம் யோசித்து, "கட்டை போடு, மண்ணு வீட்டுக்குள்ள கூடாது" என்றான். அம்மா சொன்ன சட்டத்தை அப்படியே ஒப்பித்தான். அதுவே பேரம் ஆகிவிட்டது.

பத்துப் பேர் இருக்கும் அறையில் இந்த மௌனத்துக்கு இடம் இல்லை. அங்கே யாராவது வந்து லாரியை வாங்கி அலமாரிமேல் வைத்திருப்பார்கள். அல்லது வலுவானவன் எடுத்துப் போயிருப்பான், மற்றவன் இன்னொரு பொம்மையைத் தேடியிருப்பான். இரண்டே பேர் இருக்கும்போது மட்டும்தான், எதிரில் இருப்பவன் போய்விட்டால் விளையாட்டே போய்விடும் என்ற நெருக்கடி வருகிறது. அந்த நெருக்கடிதான் ஆசிரியர். அடுத்த வாரமும் அதே பையன் வருவான் என்பது இன்னொரு பலம். போன வாரம் எங்கே விட்டார்களோ அங்கிருந்து தொடங்குவார்கள். முதல் கால் மணி நேரக் கூச்சம் ஒவ்வொரு தடவையும் சுருங்கும். ஐந்தாவது முறை அவன் செருப்பைக் கழற்றும் முன்பே என் மகன் கட்டைகளை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டான்.

"ஷேர் பண்ணு" என்று கட்டாயப்படுத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. நதியா செர்னியாக், டாமர் குஷ்னிர் இருவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளில் சிலருக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று தாங்களே முடிவெடுக்க விட்டார்கள். சிலரைக் கொடுக்கச் சொன்னார்கள். தானாக முடிவெடுத்துக் கொடுத்தவர்கள், அடுத்த சந்தர்ப்பத்தில் அதிகம் பகிர்ந்தார்கள். பரிசு கொடுப்பதும் அப்படித்தான் திரும்பிப் பாயும். ஃபெலிக்ஸ் வார்நேகன், மைக்கேல் டொமசெல்லோ இருவரும் 2006-இல் பதினெட்டு மாதக் குழந்தைகள், கைதவறி விழுந்த பொருளை முன்பின் தெரியாத பெரியவருக்குக் கூட எடுத்துக் கொடுப்பதைக் காட்டினார்கள். 2008-இல் இருபது மாதக் குழந்தைகளுக்கு அப்படி உதவியதற்குப் பொருள் பரிசாகக் கொடுத்துப் பார்த்தபோது, பரிசு நின்றதும் அவர்களின் உதவியும் குறைந்தது. உதவும் ஆசை உள்ளே ஏற்கெனவே இருக்கிறது. நாம் அதற்கு விலை வைத்தால் குழந்தையும் கணக்குப் பார்க்கிறது.

கூட்டாளி வழியில் ஒரு தொல்லை உண்டு: அந்தக் குழந்தையின் பெற்றோரோடு உங்களுக்கு ஒத்துப்போக வேண்டும். எங்களுக்கு முதல் இரண்டு முயற்சிகள் தேறவில்லை. ஒரு வீட்டில் பிள்ளைகள் முணுக்கென்றால் பெரியவர்கள் பாய்ந்து வந்து தீர்ப்புச் சொன்னார்கள். இன்னொரு வீட்டில் டிவி போட்டு உட்காரவைத்துவிட்டார்கள். இரண்டிலும் பிள்ளைகளுக்கு வேலையே இல்லை. நேரத்தையும் நீட்டக் கூடாது. நன்றாகப் போகிறதே என்று இரண்டு மணி நேரம் விட்டால் கடைசிப் பத்து நிமிஷம் எல்லாவற்றையும் கெடுக்கும். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கிளம்புவது நல்லது. அழுது கிளம்பினால் அடுத்த முறை கூப்பிடும்போது அந்த அழுகைதான் ஞாபகம் வரும்.

பூங்கா வேறு ரகம். அங்கே வயது கலந்து கிடக்கும், அதுதான் அதன் செல்வம். என் மகளுக்குப் பூங்காதான் மருந்தானது. அவளோடு ஒத்த வயதுப் பிள்ளைகள் தள்ளினால் திருப்பித் தள்ளுவார்கள், அல்லது அழுவார்கள். ஆனால் ஆறேழு வயது அக்காக்கள் இருவர் அவளைத் தங்கள் வீட்டு விளையாட்டில் "பாப்பா"வாகச் சேர்த்துக்கொண்டார்கள். தள்ளினால், "பாப்பா தள்ளக் கூடாது, தள்ளினா வேலைக்குக் கூட்டிட்டுப் போக மாட்டோம்" என்றார்கள். நான் ஆறு மாதம் சொல்லிக் கேட்காததை அவர்களிடம் ஆறு நாளில் கேட்டாள். பாப்பா வேஷம் போய்விடுமே என்ற பயம்! வேஷம் கட்டி விளையாடும்போது குழந்தை தன் வயதைவிட ஒரு தலை உயரமாக நடந்துகொள்கிறது என்று சொன்னவர் ரஷ்ய உளவியலாளர் வீகோட்ஸ்கி. கண்ணால் பார்த்தபோதுதான் புரிந்தது.

மகனுக்கு அதே பூங்கா ஒரு வருஷம் உதவவில்லை. யார் வருவார்கள் என்று தெரியாது, இன்று பழகியவன் நாளை இருக்க மாட்டான். கூச்சக்காரக் குழந்தைக்கு ஒவ்வொரு நாளும் முதல் நாள்தான். போதாததற்கு நான் வேறு தப்பான உபாயம் சொல்லிக்கொடுத்தேன்: "போய், 'நானும் வரலாமா'ன்னு கேளு." கேட்டால் "வேணாம்" என்பது சுலபமான பதில். பிள்ளைகளின் விளையாட்டுக்குள்ளேயே உட்கார்ந்து ஆய்வு செய்த சமூகவியலாளர் வில்லியம் கோர்சாரோ கவனித்ததும் இதுதான். நேராக அனுமதி கேட்டால் பெரும்பாலும் மறுப்பு கிடைக்கும். ஏனென்றால் கட்டிவைத்த விளையாட்டு கலைந்துவிடும் என்று உள்ளே இருப்பவர்களுக்குக் கவலை. சுற்றி நின்று பார்த்து, என்ன விளையாட்டு என்று பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் அதற்குப் பொருந்துகிற ஒன்றைச் செய்பவர்களுக்குக் கதவு திறக்கிறது. அதாவது என் மகன் அந்த முதல் பாதியை மாதக்கணக்கில் ஒழுங்காகச் செய்துகொண்டுதான் இருந்தான்; நான்தான் நடுவில் புகுந்து தள்ளிக்கொண்டிருந்தேன்.

இப்போது பிளேஸ்கூல். இது நல்லதா கெட்டதா என்று பொதுவில் கேட்டால் பதில் கிடையாது. அமெரிக்காவில் 1991-இல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை அரசு நிதியில் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. நல்ல தரமான பராமரிப்பில் வளர்ந்தவர்களுக்குப் பேச்சும் அறிவும் சற்று மேம்பட்டிருந்தன. வாரத்தில் அதிக மணி நேரம் தாய் அல்லாத மற்றவர்களின் பராமரிப்பில் கழித்தவர்களிடம் முரட்டுத்தனம் போன்ற சிக்கல்கள் சற்றுக் கூடுதலாக இருந்தன. இரண்டையும்விடக் குடும்பத்தின் தாக்கமே பெரிதாகத் தெரிந்தது. ஆக, போடுவதா வேண்டாமா என்பதைவிட எந்த இடம், எத்தனை மணி நேரம் என்பதுதான் கேள்வி.

சுவர் ஓவியத்தையும் சீருடையையும் பார்க்காதீர்கள். சண்டை வரும்வரை காத்திருந்து பாருங்கள், எப்படியும் பத்து நிமிஷத்தில் வரும். ஆசிரியர் குனிகிறாரா, தூரத்தில் இருந்து கத்துகிறாரா? "ஸாரி சொல்லு" என்று வாங்கிக்கொண்டு போய்விடுகிறாரா, இருவர் கதையையும் கேட்கிறாரா? நாங்கள் பார்த்த ஓர் இடத்தில் மூன்று வயதுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து எழுத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருப்பவனோடு பேசினால் "ஷ்ஷ்!" பழகக் கற்பதற்கென்று அனுப்பும் இடத்தில் பழகுவதே குற்றம். ஒரு பெரியவருக்கு எத்தனை குழந்தைகள் என்பதையும் கேளுங்கள். இங்கிலாந்தில் இரண்டு வயதுக் குழந்தைகள் ஐந்து பேருக்கு ஓர் ஆளாவது வேண்டும் என்பது 2023 முதல் விதி. அதற்கு முன் நான்கு பேருக்கே ஓர் ஆள். இருபது பேரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் அறையில் நடப்பதைப் பழக்கம் என்று சொல்ல முடியாது, பிழைப்பு என்றுதான் சொல்ல வேண்டும். "நாலு அடி வாங்கினா சரியாயிடும்" என்பவர்கள் சொல்லும் பாடம் அங்கே கிடைக்கும்: வலுத்தவன் பிடுங்கலாம், இளைத்தவன் ஒதுங்கலாம்.

பாட்டு வகுப்பு, ஜிம்னாஸ்டிக்ஸ் போன்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிடித்திருந்தால் போகட்டும். வரிசையில் நிற்பதும் சொன்னதைக் கேட்பதும் வரும். ஆனால் எல்லாக் கண்களும் ஆசிரியர்மேல். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்ப்பதே குறைவு. மகள் ஒரு வருஷம் போனாள், பக்கத்தில் நின்ற குழந்தையின் பெயர் கடைசிவரை அவளுக்குத் தெரியாது. வகுப்பு முடிந்து செருப்பு மாட்டும் கால் மணி நேரத்தில் நடந்த பழக்கம்தான் அசல் லாபம்.

நல்ல பழக்கங்களைச் சொல்லித்தரும் வீடியோக்கள் இன்னும் கீழே. திரையில் வரும் முயல் ஒருநாளும் லாரியைப் பிடித்து இழுக்காது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னபடி இரண்டு முதல் நான்கு வயதுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்குமேல் திரை கூடாது. அந்த ஒரு மணியில் பாடம் எதிர்பார்க்காமல் இருந்தால் யாருக்கும் ஏமாற்றம் இல்லை.

நிபுணரிடம் போவது எப்போது? கூச்சம் நோய் இல்லை. அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் தம்பதி 1956-இல் நியூயார்க்கில் தொடங்கிய நீண்ட ஆய்வில், ஏறக்குறைய 15 சதவீதக் குழந்தைகள் புதியவற்றுக்கு மெல்லப் பழகும் ரகம் என்று கண்டார்கள். தெரிந்தவர்களோடு கலகலப்பாக இருந்து, புதியவர்களிடம் மட்டும் ஒதுங்கும் குழந்தைக்கு நேரம்தான் தேவை. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, ஒன்றரை வயதாகியும் எதையாவது விரலால் சுட்டிக்காட்டி நம்மைப் பார்க்கவைக்காதது, பேசிக்கொண்டிருந்த சொற்கள் காணாமல்போவது என்று இருந்தால் பிளேஸ்கூலா பூங்காவா என்று நாளைக் கடத்தாமல் குழந்தைகள் நல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 18, 24 மாதங்களில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஆட்டிசம் என்ற வளர்ச்சிக் குறைபாட்டுக்கான முதல்கட்டப் பரிசோதனை செய்யச் சொல்கிறது. "பையன்கள் லேட்டாத்தான் பேசுவாங்க" என்ற ஆறுதலை நம்பி ஒரு வருஷத்தை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

கடைசியில் நாங்கள் செய்தது: மகனுக்கு நான்கு மாதம் அந்த ஒரே கூட்டாளி, வாரம் இரண்டு தடவை. பிறகு இருவரையும் ஒரே பிளேஸ்கூலில், அரை நாள் மட்டும். முதல் வாரம் அழுதான். இரண்டாவது வாரம் கூட்டாளியின் பையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். மகளுக்கு வரிசை தலைகீழ். முதலில் பெரிய பிள்ளைகள் இருக்கும் பூங்கா, பிறகு ஒரு கூட்டாளி, பிளேஸ்கூல் கடைசியில், நான்கு வயது நெருங்கும்போது. இரண்டரை வயதில் அவளைப் பத்துப் பேர் நடுவில் விட்டிருந்தால் முதல் வாரத்திலேயே "அடிக்கிற பொண்ணு" என்ற பட்டம் கிடைத்திருக்கும். பட்டம் ஒட்டிக்கொண்டால் உரிப்பது கஷ்டம். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இவ்வளவு நிதானமாக வரிசை போட முடியாது என்பது எனக்குத் தெரியும். பிளேஸ்கூல் அவர்களுக்குத் தேர்வே இல்லை, தேவை. அப்போதும் ஒன்று செய்யலாம். யாரோடு ஒட்டுகிறான் என்று ஆசிரியரிடம் கேட்டு, அந்த ஒரு பிள்ளையை வார இறுதியில் வீட்டுக்கு அழைக்கலாம். திங்கட்கிழமை காலை அந்த அறையில் தெரிந்த முகம் ஒன்றாவது இருக்கும்.

மகனுக்கு ஐந்து வயதானபோது ஒரு மாலை, அதே பூங்காவின் மணல்குழியில் முன்பின் தெரியாத மூன்று பிள்ளைகள் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். இவன் வழக்கம்போல் தள்ளி நின்றான். என் விரலைப் பிடிக்கவில்லை. பத்து நிமிஷம் இருக்கும். பிறகு குழாயடிக்குப் போய் வாளியில் தண்ணீர் பிடித்து வந்து, ஒன்றும் பேசாமல் அணை ஓரமாக நின்றான். அவர்களில் ஒருவன் நிமிர்ந்து பார்த்து, "இங்க ஊத்து" என்றான்.